செயல்தவிர்

வெயிலம்மாள் புதியம்புத்தூரில் நைட்டி தைக்கும் யூனிட் நடத்துகிறாள். கோவில்பட்டிக் கடைக்காரர் விலைப்பட்டியலைச் சாயங்காலத்துக்குள் கேட்டிருந்தார். அன்றைக்கென்று பார்த்து, சந்தாவைப் புதுப்பித்தால்தான் எழுத விடுவேன் என்று கம்ப்யூட்டரில் இருந்த மென்பொருள் அடம்பிடித்தது.

மருமகள் அமுதவள்ளி வேறொன்றை இறக்கிப் போட்டாள்.

"இது இலவசம் அத்தை. எப்பவும் வச்சுக்கிடலாம்."

"சும்மா கிடைக்குதது உருப்படியா இருக்குமாட்டி?" என்ற வெயிலம்மாள், திரையைப் பார்த்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "ஏட்டி, எல்லாம் தமிழ்ல இருக்கு! திற, சேமி, அச்சிடு..."

இங்கிலீஷுக்குப் பயந்து எதற்கும் மருமகளைக் கூப்பிடுகிறவள், இன்று தானே உட்கார்ந்து பட்டியலை அடித்தாள். முடிக்கிற நேரத்தில் கை தவறி ஒரு வரி அழிந்துபோனது.

"ஐயையோ! போனதைத் திருப்பிக் கொண்டார எதை அமுக்கணும்?"

"மேல 'செயல்தவிர்'னு இருக்கு பாருங்க."

அமுக்கியதும் வரி திரும்ப வந்துவிட்டது. ஆனாலும் வெயிலம்மாளுக்கு ஆறவில்லை.

"செயல்தவிரா? எவன் வச்ச பேரு இது? 'பழையபடி ஆக்கு'ன்னா நமக்குப் புரியாதா? இதை எழுதினவன் வீட்ல கேட்டுச் செய்யப் பெரியவங்க யாரும் இல்லையோ?"

அமுதவள்ளி சிரித்துவிட்டாள்.

"இருக்காவ அத்தை. நான்தான் கேக்காம எழுதிட்டேன்."

"நீயா?"

"இந்த மென்பொருளை ஊர் ஊரா நிறையப் பேர் சேர்ந்து சும்மா செஞ்சு கொடுக்குதோம். இதுல உள்ளதைத் தமிழ்ல எழுதுதது நாங்க அஞ்சாறு பேரு. சாயங்காலம் லேப்டாப்ல உக்காருதது இதுக்குத்தான்."

வெயிலம்மாள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருட்டி. இன்னும் என்னென்ன என்னையக் கேக்காம எழுதியிருக்க, ஒவ்வொண்ணாக் காட்டு."