ஒரு தலை கூடுதல்

கடற்கரை ஊரான ஸ்கார்பரோவை விட்டுக் கிளம்புமுன் டிரைவர் நெவில் தன் சுற்றுலா பஸ்ஸில் தலைகளை எண்ணினான். முப்பத்தொன்பது. பட்டியலில் முப்பத்தெட்டுதான். ஐந்து நாளாக இதே கதை.

"என்னையும் சேர்த்து எண்ணித் தொலைக்கிறேன்" என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

நாலாவது வரிசையில் பெரில் வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"கண்ணு, ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டேன். இவருக்குக் குளிர் ஆகாது."

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் வாயைத் திறந்து கேக்க மாட்டாரா?"

"இவரா? நேத்து ராத்திரி ஹோட்டல்ல பிங்கோ ஆட்டம் முடிஞ்சு டான்ஸுக்குக் கூப்பிட்டேன். காதுலயே விழாத மாதிரி உக்காந்திருந்தார். விட்பியில சர்ச்சுக்கு அத்தனை படி ஏறினோமே, எனக்கு மூச்சே வாங்கல. இவர்தான் பாவம், நாலு இடத்துல நின்னார்."

பக்கத்தில் அவள் கணவர் வில்ஃப்ரட் நெவிலைப் பார்த்துப் புன்னகைத்தார்.

ஊர் திரும்பி ஷெஃபீல்டில் எல்லாரும் இறங்கிய பிறகு, கடைசியாக வந்த வில்ஃப்ரட் நெவிலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றி தம்பி. பெரில் கண்ணை மூடினப்புறம் நான் தனியா வெளிய வந்தது இதுதான் முதல் தடவை. என் பக்கத்துக் காலி சீட்டைப் பாத்து, அவ இருக்கற மாதிரியே தினமும் பேசினியே... அந்த மனசு யாருக்கு வரும்?"

நெவில் நிமிர்ந்து பார்த்தான். கிழவரின் தோளுக்குப் பின்னால் பெரில் கைப்பையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"இவர்கிட்ட சொல்லிடாதே, கண்ணு" என்றாள். "அடுத்த வருஷம் நாங்க ரெண்டு பேருமே டிக்கெட் இல்லாமத்தான் வருவோம்."