ஐந்து கோடு தள்ளி

"இன்னிக்கோட அவளுக்கு ஒரு முடிவு கட்டிடறேன்" என்று பல்லைக் கடித்தபடி, மதிய இடைவேளையில் ஆளில்லாத நேரம் பார்த்து இயந்திரத்தை முடுக்கினார் அச்சுக்காரர்.

எடை பார்க்கும் மெஷின் செய்கிற தொழிற்சாலை அது. எண்கள் இருக்கும் முகப்புத் தட்டு கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும். சாதாரண அச்சு அதில் ஏறாது. மெத்தென்ற சிலிக்கான் குமிழ் ஒன்று, செதுக்கிய தகட்டிலிருந்து மையை ஒற்றி எடுத்துவந்து குழிவுக்குள் அமுங்கிப் பதிக்கும். முதலில் கோடுகள், அப்புறம் எண்கள்.

கழித்துப்போட்ட தட்டு ஒன்றில் கோடுகளைப் பதித்தார். பிறகு தட்டை ஐந்து கோடு திருப்பிவைத்து எண்களைப் பதித்தார். நகர்ந்துபோன பூஜ்யத்தை மட்டும் துடைத்துவிட்டுப் பழைய இடத்திலேயே பதித்தார். இனி எந்த மகராசி ஏறினாலும் ஐந்து கிலோ குறைச்சல்!

பின்னே என்ன? மனைவி டயட் என்று ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் வேகவைத்த காயும் வெறும் பயறும்தான். அவருடைய பேன்ட் இடுப்பில் நிற்கமாட்டேன் என்றது. அவள் வளையலோ இம்மி தளரவில்லை; முள்ளும் எழுபத்தைந்தைவிட்டு இறங்கவில்லை. "எழுபதுக்கு வந்துட்டா நிறுத்திடறேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

சாயங்காலம் வீட்டு மெஷினில் தட்டை மாற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் உட்கார்ந்துகொண்டார். அவள் ஏறினாள். முள் எழுபதில் நின்றது.

"ஏங்க! எழுபது!"

"நான்தான் பார்த்தாலே தெரியுதுன்னு சொன்னேனே! அப்போ நாளைக்கு எண்ணெய்ச் சட்டியை அடுப்புல ஏத்தலாம்ல?"

"ஏத்தலாம், ஏத்தலாம். எப்பவும்போல துணைக்கு நீங்களும் ஒருதரம் ஏறுங்க."

ஏறினார். குனிந்து முள்ளைப் பார்த்தவள் முகம் பூவாய் மலர்ந்தது. போனை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று சமையலறைக்குள் போனாள்.

எண்ணெய் வாங்கத்தான் கடைக்குப் போன் போடுகிறாள் என்று நாக்கில் நீர் ஊற, பூனைபோல் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றார்.

"ஆமா டாக்டர், நல்லாவே வேலை செய்யுது... இன்னும் ஆறு மாசமா? சரி டாக்டர், தொடர்ந்துடலாம்."

அச்சுக்காரர் காதைக் கதவோடு ஒட்டவைத்தார். உள்ளே அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சிரித்தாள்.

"சேச்சே, சந்தேகமே வரலை டாக்டர். டயட் எனக்குன்னே நம்பிக்கிட்டிருக்காரு மனுஷன்!"