சூடான சீப்பு

"சுடுது... ஐயோ, சுடுதுங்க! போதும்!"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மோனிகாவின் குரல். ஆரோக்கியமேரி தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தாள். ஏதோ இயந்திரம் ஓடுவதுபோல ஓர் இரைச்சல். கூடவே முடி கருகும் நாற்றம்.

"தலைய ஆட்டாதன்னு சொன்னேன்ல!" இது லோகுவின் குரல்.

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகளுக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகள் அவை. அந்தப் புது ஜோடி குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. லோகு எதிரில் வருகிறவர்களை எல்லாம் அக்கா, அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிடுவான். மோனிகாவோ குழாயடியில்கூட நின்று பேசமாட்டாள். குடம் நிரம்பியதும் குனிந்த தலையோடு போய்விடுவாள்.

மேரி உள்ளே ஓடினாள். நைட் ஷிப்ட் முடித்துவந்து படுத்திருந்த கணவனை உலுக்கினாள்.

"யோவ், எழுந்திருய்யா. பக்கத்து ஊட்ல அந்தப் பொண்ண இன்னாவோ பண்றான்."

"புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். நீ போய் மூக்க நுழைக்காத." அன்புராஜ் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

மறுபடியும் ஓர் அலறல். மேரி அடுப்பை அணைத்தாள். நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, செருப்புகூட மாட்டாமல் ஓடினாள். பக்கத்து வீட்டுக் கதவை இரண்டு கையாலும் இடித்தாள்.

இரைச்சல் நின்றது. கதவைத் திறந்த லோகு கம்பெனி யூனிபார்மில் இருந்தான். அவன் கையில் உருண்டையாக, முள்முள்ளாக ஒரு சீப்பு. அதிலிருந்து நீளமாக வயர் தொங்கியது.

"இன்னாக்கா, இன்னா ஆச்சு?"

"மோனிகா கத்தினாளே... கருகுற வாடை வேற வருது. அவ எங்க?"

லோகு ஒரு கணம் விழித்தான். பிறகு பெரிதாகச் சிரித்தான். "ஐய, அதுவா! உள்ள வாங்க. நீங்களே பாருங்க."

மோனிகா கண்ணாடிக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. முதுகில் கயிறு மாதிரி தடித்த பின்னல், அதில் முந்தின நாள் வைத்த கனகாம்பரம் வாடிச் சுருண்டிருந்தது. காதுக்குக் கீழே கழுத்தில் ஒரு சிவந்த தடம்.

"இது ஹாட் ஏர் பிரஷ்ஷுக்கா. இதுல சீவச்சொல்ல சூடா காத்து வரும். முடி காஞ்சு, பார்லர்ல பண்ணாப்ல ஆயிடும்," என்றான் லோகு. "சாயங்காலம் வேப்பம்பட்டுல எங்க மாமா பொண்ணு கல்யாண ரிசப்ஷன். அதான், நானே பண்ணிவுடலாம்னு போன்ல பாத்துக் கத்துக்கினேன்."

"அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்தினா?"

"இவளுக்கு முடி காடு மாதிரிக்கா. நாலா பிரிச்சுக் கிளிப்பு மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாச் சுத்தணும். இல்லாட்டி உள்ள சூடே ஏறாது. நான் அவசரத்துல மொத்தமா சுத்திட்டேன். சிக்கிக்கினு வரவே மாட்டேனுச்சு. எடுக்கச்சொல்ல கழுத்துல பட்டுடுச்சு."

மேரி கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்த்தாள். "அப்டியாம்மா?"

மோனிகாவின் உதடு மெல்ல அசைந்தது. "ஆமாக்கா... முடி ரொம்ப அடர்த்தி."

மேரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கல்யாணமான நாளாக அன்புராஜ் ஒரு ஹேர்பின் எடுத்துக் கொடுத்ததில்லை. இந்தப் பையனோ வேலைக்குப் போகிற அவசரத்திலும் பொண்டாட்டிக்குத் தலை வாரிவிடுகிறான். அவனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்!

"நான் ஒரு கூறுகெட்டவ தம்பி. மனசுல வெச்சுக்காத. முடிய நல்லா துவட்டிட்டு அப்பறம் இத சுத்து, இப்டி இழுக்காது. நீ கழுத்துல கத்தாழை தடவிக்கோம்மா."

"சரிக்கா. இருங்க, டீ குடிச்சிட்டுப் போலாம்," என்றான் லோகு.

"அடுப்புல மாவு அப்டியே கெடக்குதுப்பா." மேரி அசட்டுச் சிரிப்போடு படியிறங்கினாள். லோகு வாசல்வரை கூடவே வந்து, கதவைச் சாத்தக் கை வைத்தான்.

உள்ளே ஸ்டூல் உருண்டு விழுந்த சத்தம் கேட்டது. லோகு திரும்புவதற்குள் மோனிகா அவன் கைக்கு அடியில் குனிந்து வெளியே வந்துவிட்டாள். மேரியின் மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டாள். அப்போதுதான் மேரி அந்தப் பின்னலைச் சரியாகப் பார்த்தாள்: நேற்று வைத்த பூவைக்கூட எடுக்காமல், அவிழ்க்கவே அவிழ்க்காத பின்னல்.

"என்னை இவர்கூட வுட்டுட்டுப் போவாதீங்கக்கா."