மஞ்சப்பை மாட்டிய கேமரா

"தமிழ் பீரியடு வந்தா மட்டும் கேமராவுல மஞ்சப்பைய மாட்டி விடுறீகளே, அப்படி என்னதான் நடக்குது உள்ள?"

ரஷீத் மேசையைத் தட்டினார். குவைத்திலிருந்து லீவில் பரளச்சிக்கு வந்து ரெண்டு நாள்தான் ஆகிறது. வந்த கையோடு, மகள் நிலோபர் படிக்கும் அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வந்துவிட்டார்.

தலைமையாசிரியை சந்தனம்மாளுக்குத் தலையை வலித்தது. வகுப்பறையைப் பெற்றோர் போனிலேயே பார்க்கலாம் என்று நிர்வாகம் கேமரா வைத்த நாளிலிருந்து இதே ரோதனைதான். 'ஃபேன் ஏன் ஓடல?' 'எம்மகன் மூக்க நோண்டுறான், கையில ஒண்ணு போடுங்க.' போனைக் கீழே வைக்க முடியவில்லை.

"ஏம்மா வேணி, கேக்குறாகள்ல. சொல்லு."

ஏழாம் வகுப்புத் தமிழ் டீச்சர் வேணி நிமிர்ந்தாள். "நான்தான் மாட்டுறேன் மேடம். அந்த ஒரு பீரியடு மட்டும்."

"அதான் ஏன்னு கேக்குறேன்" என்றார் ரஷீத். "பாடம் நடத்துறவுகளுக்கு ஒளிக்க என்ன இருக்கு? அங்க கெடந்து சாகுறேன். எம்மக முகத்தப் பாக்குறதே அதுலதான்."

"காரணத்தச் சொல்லிரு வேணி. நிர்வாகத்துக்கு எழுதிட்டாகன்னா உன் வேலைதான் போகும்."

வேணி மெதுவாகச் சொன்னாள்.

"என் வகுப்புல ஒரு புள்ளைக்குத் திக்கும். வாசிக்கச் சொன்னா முதல் எழுத்துலயே நின்னுரும். பள்ளிக்கூடம் தொறந்த புதுசுல, அது திணறி நின்னத போன்ல பதிவு பண்ணி ஒருத்தர் பெற்றோர் குரூப்புல போட்டுட்டாரு. தெருவுல இருக்கிற பசங்க எல்லாம் அதே மாதிரி திக்கிக் காட்டியிருக்காங்க. மூணு வாரம் புள்ள பள்ளிக்கூடமே வரல. கேமராவ மூடிர்றேன்னு சத்தியம் பண்ணித்தான் கூட்டியாந்தேன். இப்ப திக்கினாலும் ஒரு பக்கம் முழுசா வாசிக்குது மேடம்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா, யாரு அந்தப் புள்ளைன்னு கேப்பாகளே மேடம்."

ரஷீதின் முகம் சிவந்தது. "பச்சப்புள்ளையப் போயி... எந்த ஈனப்பய அவன், டீச்சர்? பேரச் சொல்லுங்க."

"வேணாம் பாய். அவுக மகளும் இதே வகுப்புதான். வெளிய தெரிஞ்சா அந்தப் புள்ளைக்குத்தான் தலக்குனிவு."

"நீங்க சொல்லாட்டி போங்க. அந்தக் குரூப்புல நானும் இருக்கேன்ல? நாலு பேரு முன்னாடி நிறுத்தி, நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்காம விடமாட்டேன்."

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"விட்டுருங்க பாய்" என்று வேணி பதறிக் கையை நீட்டினாள். "முடிஞ்சது முடிஞ்சு போச்சு."

அவர் கேட்கவில்லை. குரூப்பில் பழைய செய்திகளை விறுவிறுவென்று தள்ளிக்கொண்டே போனார். ஜூலை... ஜூன்...

விரல் நின்றது.

வீடியோவில், நிலோபரின் வகுப்பில் ரெண்டு ஜடை போட்ட புள்ள ஒருத்தி, கையில் புத்தகத்தோடு, வாய் திறந்தபடி நின்றாள்.

குவைத்தில் ஏதோ ஒரு சாப்பாட்டு நேரத்தில், கூடவே மூணு சிரிப்புப் பொம்மையும் போட்டு, அதை அனுப்பியிருந்தது ரஷீதேதான்.