தொட்டிக்குள் எருமை

கன்றுக்குட்டிகளுக்கும் தண்ணீர் எட்டட்டும் என்றுதான் தவசி அந்தச் சிமெண்டுத் தொட்டியின் சுவரைத் தாழ்வாகக் கட்டியிருந்தான். வெயில் பொறுக்காத எருமை அதற்குள் இறங்கிப் படுத்துவிட்டது. கால்கள் மடங்கி வயிற்றுக்கடியில் மாட்டிக்கொண்டன. இருபக்கமும் விலா சுவரில் இறுகியிருந்தது. அவன் கயிறு போட்டு இழுத்தான், பலகை கொடுத்து நெம்பினான், வாலை முறுக்கிப் பார்த்தான். எருமை பெருமூச்சு விட்டதே தவிர அசையவில்லை. கடைசியில் கடப்பாரையை எடுத்தான்.

"ஒடச்சிராதீங்க," என்றாள் அவன் மனைவி பேச்சி. "தொட்டி இல்லேன்னா லாரித் தண்ணிய எதுல புடிக்க? மத்த மாடெல்லாம் என்னத்தக் குடிக்கும்?"

"அதுக்காக இதச் சாகவிடச் சொல்லுதியா?"

அவள் வீட்டுக்குள் ஓடிப் பாத்திரங்களைத் தூக்கிவந்தாள். குடம், அண்டா, சோற்றுப்பானை வரை எல்லாவற்றிலும் அந்தக் கலங்கல் நீரை மொண்டு வைத்தாள். பிறகு அவன் இடித்தான். ஒரு சுவர் சரிந்ததுமே மிச்சத் தண்ணீர் வெளியேறி, நாலடி ஓடுவதற்குள் மண்ணுக்குள் போய்விட்டது. அதன் பிறகு வெறி பிடித்தவன் போல மற்றச் சுவர்களையும் இடித்துத் தள்ளினான்.

"எந்திரி தாயி, எந்திரி," என்று அதன் முதுகில் தட்டினான்.

சுற்றிலும் வெட்டவெளி. எருமை காலை நீட்டக்கூட இல்லை. விலாவை ஒடுக்கிக்கொண்டு, சுவர் இருந்தபோது எப்படிக் கிடந்ததோ அப்படியே கிடந்தது. பேச்சி ஒரு குடத்தைத் தூக்கிவந்து அதன் முகத்தருகே வைத்தாள். அது கண்ணை மூடிக்கொண்டது. மற்ற மாடுகள் வந்து ஈரமண்ணை நக்கத் தொடங்கின.

தவசி மறுபடியும் கடப்பாரையை எடுத்தான். இடிக்க எதுவும் மிச்சமில்லை.