சமர்த்து

“உங்கப்பா இப்போ ரொம்ப சமர்த்து சார்” என்றார் முதியோர் இல்லத்தின் மேனேஜர்.

மில் தொழிற்சங்கத்துக்கு முப்பது வருடம் தலைவராக இருந்து, நான்கு முதலாளிகளுக்கு ரத்தக் கொதிப்பு வரவழைத்த மனிதரை இதுவரை யாரும் அந்த வார்த்தையால் அவமானப்படுத்தியதில்லை.

மகன் சிரித்துவைத்தான்.

இல்லத்தைப் போன வருடம் ஒரு கம்பெனி வாங்கியிருந்தது. அது அவர்களுடைய நாற்பத்தோராவது இல்லம். அன்று முதல் அங்கே முதியவர்கள் கிடையாது, விருந்தினர்கள்தான். வரவேற்பறையில் செயற்கை நீரூற்று வந்தது. மாடிக்கு ஐந்து ஆயாக்கள் இருந்த இடத்தில் ஒருவர் மிஞ்சினார்.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் செய்தித்தாள், போட்ட மடிப்புக் கலையாமல். தலையங்கத்தோடு சண்டை போடாமல் காபியைத் தொடாதவர்.

மகன் தோளைத் தொட்டதும் மெல்லக் கண் திறந்தார்.

“வாங்க” என்றார்.

ஐம்பத்திரண்டு வருடமாக ‘டா’ போட்டே அழைத்தவரிடமிருந்து அவனுக்குக் கிடைத்த முதல் மரியாதை.

எதிர் அறையில் ஒரு கிழவர் கத்தினார். “என்னை வீட்டுல கொண்டுபோய் விடுங்கடா!”

மேனேஜர் முகம் சுளிக்கவில்லை. மருந்துத் தட்டோடு பின்னால் வந்த ஆயாவைத் திரும்பிப் பார்த்தார்.

“ஒன்பதாம் நம்பருக்கு இன்னும் சமர்த்து குடுக்கலையாம்மா?”

“பாதியா, முழுசா சார்?” ஆயா தட்டிலிருந்து ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்தார்.

இங்கே சமர்த்து என்பது குணம் இல்லை என்று மகனுக்கு அப்போதுதான் புரிந்தது. அப்பாவின் கட்டிலில் தொங்கிய அட்டையைப் பார்த்தான். காலை, மதியம், இரவு. மூன்றும் முழுசு.

மேனேஜர் அவன் பார்வை போன இடத்தைக் கவனித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நீங்க கேட்டுக்கிட்டதுதானே சார். எப்படியாவது அந்த போனை நிறுத்துங்கன்னீங்க. இருபது நாளாச்சு, ஒரு கால் வந்துச்சா?”

வரவில்லை. அதற்கு முன் ஒரு நாளைக்குப் பதினோரு தடவை வந்துகொண்டிருந்தது. மீட்டிங்கில், சாப்பாட்டில், குளித்துக்கொண்டிருக்கும்போது. ‘வந்து கூட்டிட்டுப் போடா.’ முப்பது வருடச் சங்கத் தலைவரிடம் மிஞ்சியிருந்த ஒரே கோரிக்கை.

“வேணும்னா பாதியாக்கிடலாம் சார். ஆனா மறுபடி பேச ஆரம்பிச்சிடுவார்.”

அப்பாவின் வாயோரம் வழிந்ததை மகன் கைக்குட்டையால் துடைத்தான். மிகப் பொறுமையாக, இரண்டு தடவை.

“இப்படியே இருக்கட்டும்” என்றான்.