தார்ப்பாய்க்குள் வெயில்

வலியதுறைக் கடற்கரையில் கர்க்கடக மாத மழை அடித்து ஊற்றுகிறது. கவிழ்த்துப்போட்ட தன் வள்ளத்தின் இருபுறமும் துடுப்புகளை நட்டு, அவற்றின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறாள் செலின். வள்ளத்தின் பிளந்த அடியில் பழுதுபார்க்க வந்த பேச்சிமுத்து ஃபைபர் ஒட்டிப் பூசிய ரெசின் பசை, இந்த ஈரக்குளிரில் இறுகாமல் பிசுபிசுக்கிறது. இறுகாவிட்டால், மீன் பொங்கி வரும் இந்த மழைக்காலம் முழுக்க வள்ளம் கரையில்தான் கிடக்கும். அதை இறுகவைக்க உள்ளே வரிசையாகத் தொங்கவிட்ட குண்டு பல்புகளின் சூட்டில் பாய் மஞ்சளாகக் கனன்று, மூக்கைப் பிய்க்கும் நெடியைக் கக்குகிறது. “எந்தா செலினே, கோழிமுட்டை அடைவைக்கியா?” என்று குடைக்குள்ளிருந்து கத்துகிறான் பக்கத்து வள்ளக்காரன் பத்ரோஸ். “ஆமா, பொரிச்சா முதல் குஞ்சு உனக்குத்தான், போ!” காற்று பாயின் ஒரு மூலையைப் பிடுங்குகிறது. சாரல் பட்டு ஒரு பல்பு படீரென்று வெடிக்கிறது. “போதும்க்கா, மழை விட்டதும் பாத்துக்கலாம்” என்கிறான் உள்ளேயிருந்து பேச்சிமுத்து. “அதை மழைகிட்டச் சொல்லு, என் வேலை முடிஞ்சதும் வரட்டும்.” படபடக்கும் மூலையை மணலோடு அழுத்தி, அதன் மேலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிடுகிறாள் செலின். தலைவழியே தண்ணீர் ஒழுகுகிறது, முதுகில் மட்டும் சூடு. பேச்சிமுத்து ரெசினைத் தொட்டுப் பார்க்கிறான். “இன்னும் ஒட்டுதுக்கா.” “ஒட்டட்டும். நான் எந்திரிக்கப் போறதில்ல.”